நோட்டு எண்ணை மெஷின் எப்படிப் படிக்கிறது? கேள்வி பதில்

வங்கிகளில் நோட்டுப் பிரிக்கும் மெஷின்களுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

ஒன்பது எழுத்துதானே? இலவசமாகக் கிடைக்கும் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) போதாதா? (புராஜெக்ட் செய்யும் மாணவர்)

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எழுத்துக்கு 99.5 சதவீதம் சரி என்றால் பிரமாதமாகத் தெரியும். ஆனால் ஒன்பதும் ஒருசேரச் சரியாக வருவது சுமார் 95.6 சதவீதம்தான். நூறு நோட்டுக் கட்டில் நாலைந்து எண்கள் தப்பு!

அப்புறம், ஒரு புது 500 ரூபாய் நோட்டைக் கையில் எடுங்கள். முதல் மூன்று எழுத்துகள் ஒரே அளவு. அடுத்த ஆறு இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். எல்லா எழுத்தும் ஒரே உயரம் என்று நம்பி வெட்டும் நிரல் இங்கே சொதப்பும். நோட்டின் சாய்வை நிமிர்த்தி, எழுத்துகளைத் தனித்தனியே வெட்டி, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடையாளம் காணவே விடுவேன். நிமிடத்துக்கு ஆயிரம் நோட்டு ஓடினால், ஒரு நோட்டுக்கு இத்தனைக்கும் 60 மில்லி விநாடிதான்.

8, B குழம்பாதா?

இடம் காப்பாற்றும். முதலில் இலக்கம், அடுத்து இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஆறு இலக்கம். நட்சத்திர நோட்டில்தான் நான் மாட்டினேன். அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வைக்கப்படுவது அது; முதல் மூன்று எழுத்துகளுக்கும் ஆறு இலக்கத்துக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம் இருக்கும். என் முதல் நிரல் அதை 8 என்று படித்து ஏழு இலக்கம் காட்டியது.

தப்பாகப் படித்தால் மெஷினுக்கே தெரியாதா?

யூரோ நோட்டு எண்ணில் சரிபார்ப்பு இலக்கம் உண்டு. நம் நோட்டில் ஆறும் வரிசை எண். ஒன்று மாறினால் அதுவும் இன்னொரு நோட்டின் நல்ல எண்தான். நமக்கு இருக்கும் ஒரே துணை, எண் இரண்டு இடத்தில் அச்சாகியிருப்பது: மேலே இடது பக்கம், கீழே வலது பக்கம். இரண்டையும் படித்து ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் ஊகிக்கக் கூடாது, தனித் தட்டில் தள்ளிவிட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன்.

பேனாக் கிறுக்கல் இருந்தால்? (வங்கிக் காசாளர்)

உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! கட்டின் மேல் நோட்டில், வாட்டர்மார்க் வெற்றிடத்தில் எண்ணிக்கை எழுதுவீர்களே, அந்தக் கோடு கீழே இருக்கும் எண் மேல் இறங்கிவிடுகிறது. பல பேனா மைகள் அகச்சிவப்பு ஒளியில் மறைந்துவிடும். ஆனால் எண்ணின் மை அந்த ஒளியில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த நோட்டும் தனித் தட்டுக்கு.

எண் சரியாக இருந்தால் நல்ல நோட்டுதானே?

இல்லை. கள்ள நோட்டு அடிப்பவர் நல்ல நோட்டின் எண்ணையே போடலாம். ஒரே எண் இரண்டு முறை வந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். அசலா என்பதைப் புற ஊதா, அகச்சிவப்பு, காந்த சென்சார்கள் பார்க்கும்.

786 என்று முடியும் நோட்டை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா? (சேகரிப்பாளர்)

ஒரே வரி நிரல்தான். வங்கி மேலாளரை நீங்கள்தான் சம்மதிக்க வைக்க வேண்டும்.