அப்பாவின் குரல்

கேள்வி: அப்பா தவறி ஒன்றரை வருஷமாகிறது. அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை அம்மா தினமும் ராத்திரி போட்டுக் கேட்கிறார். 'கறிவேப்பிலை தீர்ந்துடுச்சா, வாங்கிட்டு வரவா?' என்பது மாதிரி சாதாரணப் பேச்சுதான். 'போனைப் பிடுங்கி வை, அப்பதான் மறப்பா' என்கிறார் அத்தை. அத்தை சொல்வது சரியா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தயவுசெய்து பிடுங்காதீர்கள். அத்தை அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை எதற்காக மறக்க வேண்டும்?

லண்டன் சுரங்க ரயிலில் எம்பேங்க்மென்ட் என்று ஒரு நிலையம். அங்கே நடைமேடை வளைந்திருப்பதால் ரயிலுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும், 'மைண்ட் த கேப்', அதாவது 'இடைவெளியைக் கவனியுங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நார்தர்ன் லைனில் அதைச் சொன்ன குரல் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகருடையது. 2007-ல் அவர் இறந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் மனைவி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், வந்த ரயிலில் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்து, அடுத்த ரயிலுக்கும் அந்தக் குரல் வரட்டும் என்று காத்திருந்து கேட்டுவிட்டுத்தான் போவாராம். 2012 நவம்பரில் ஒரு நாள் போனால், வேறு குரல். பழைய ஒலிப்பதிவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். ரயில்காரர்கள் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார்கள், அதோடு விடாமல் 2013-ல் அந்த நிலையத்தில் பழைய குரலையே திரும்பவும் ஒலிக்க விட்டார்கள். அதுவும் காதல் வசனமில்லை, மூன்றே வார்த்தை அறிவிப்பு. உங்கள் அம்மாவுக்குக் கறிவேப்பிலை மாதிரி.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. வேளைக்குச் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, நாலு பேரோடு பேசுகிறாரா? இதெல்லாம் நின்றுபோய், 'நானும் போயிடலாம்' என்கிற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். துக்கம் ஒரு வருஷத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப்போட்டால் அதை ஒரு நோயாகவே அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-ல் தங்கள் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. ராத்திரி பத்து நிமிஷம் குரல் கேட்பது அந்தக் கணக்கில் வராது.

அப்புறம் ஒரு வேலை, இன்றைக்கே செய்யுங்கள். போன் கீழே விழுந்து உடைந்தால் எல்லாம் போச்சு. அந்த மெசேஜ் எல்லாவற்றையும் உங்கள் போனுக்கு அனுப்பி, ஒரு பென்டிரைவிலும் ஏற்றி வையுங்கள். ஒரு ராத்திரி நீங்களும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்குக் கறிவேப்பிலையோடு அப்பா வேறு என்னவெல்லாம் வாங்கி வந்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.