சின்ட்ராவில் இரண்டு ராத்திரி

கேள்வி: எனக்கு 61 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. இப்போது லண்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஷெங்கன் விசா கிடைத்துவிட்டது. அக்டோபரில் தனியாக போர்ச்சுகல் போய், சின்ட்ரா என்ற மலை ஊரில் தங்கிப் பார்க்க ஆசை. மருமகனோ, “லிஸ்பனிலிருந்து அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பிடலாம் அத்தை, அங்கே தனியாகத் தங்கி என்ன செய்வீர்கள்?” என்கிறார். நான் சைவம். மூட்டு வலியும் உண்டு. தங்கலாமா?

பதில்: தாராளமாகத் தங்குங்கள். முடிந்தால் இரண்டு ராத்திரி.

மருமகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லிஸ்பனின் ரொசியு நிலையத்தில் ரயில் ஏறினால் 40 நிமிடத்தில் சின்ட்ரா. ஆனால் அவ்வளவு பக்கம் என்பதால்தான் காலை 10 மணிக்கு மேல் ஊர் நிரம்பி வழிகிறது. வந்த கூட்டம் சாயங்காலம் அப்படியே ரயிலேறிப் போய்விடும். அதிகாலையும் மாலையும் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். சின்ட்ராவின் அழகும் அந்த வேளைகளில்தான்.

அறையைப் பழைய ஊருக்குள் எடுக்காதீர்கள். படம் பார்த்தால் மனம் அங்கேதான் போகும்; ஆனால் கருங்கல் பாவிய ஏற்றச் சந்துகளில் பெட்டியை இழுப்பது உங்கள் மூட்டுக்கு ஆகாது. ரயில் நிலையத்தை ஒட்டிய எஷ்டெஃபானியா பகுதி போதும். உள்ளூர்க்காரர்கள் காய்கறி, ரொட்டி வாங்கும் இடம். அங்கிருந்து பழைய ஊருக்கு மலையை வளைத்துப் போகும் சாலையில் கால் மணி நேர நடைதான், பெரிய ஏற்றமும் இல்லை.

எல்லோரும் போவது பெனா அரண்மனைக்கு. 1755 நிலநடுக்கத்தில் சிதைந்த ஒரு மடாலயத்தை, அரசி இரண்டாம் மரியாவின் கணவர் ஃபெர்டினாண்ட் 1838-இல் வாங்கி அரண்மனையாக்கினார். சிவப்புப் பகுதி பழைய மடாலயம், மஞ்சள் பகுதி அவர் புதிதாகக் கட்டியது. காலையின் முதல் நேரத்துக்கு இணையத்தில் டிக்கெட் எடுங்கள். ஒன்று கவனம்: டிக்கெட்டில் போட்டிருப்பது அரண்மனை வாசலில் நிற்க வேண்டிய நேரம். பூங்கா நுழைவாயிலிலிருந்து அங்கே போக அரை மணி நேரம் ஏற வேண்டும். ஊரிலிருந்து 434 பேருந்து மேலே போகிறது. பூங்காவுக்குள் ஏற்றிச் செல்லத் தனிக் கட்டணத்தில் சிறு வண்டியும் உண்டு, இரண்டையும் பயன்படுத்துங்கள். அட்லாண்டிக் ஈரக்காற்று இந்த மலையில்தான் மோதுகிறது. லிஸ்பனில் வெயில் அடிக்கும்போதே இங்கே மூடுபனி இறங்கிவிடும். இரண்டு நாள் தங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்வெட்டரும் வழுக்காத செருப்பும் அவசியம்.

பக்கத்திலுள்ள மூர் கோட்டையை விட்டுவிடலாம், முழுக்கச் செங்குத்தான படிகள். ரெகலெய்ரா தோட்டத்தின் 27 மீட்டர் ஆழக் கிணற்றிலும் சுற்றுப் படியில்தான் இறங்க வேண்டும், ஈரமாகவும் இருக்கும்.

நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டியது ஊர் நடுவில் இருக்கும் தேசிய அரண்மனை. கூட்டம் குறைந்த பிற்பகலில் போங்கள். வெளியே தெரியும் இரண்டு பெரிய வெள்ளைக் கூம்புகள் சமையலறைப் புகைபோக்கிகள், 33 மீட்டர் உயரம். உள்ளே அடுப்படியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: சுவரே மெல்ல மெல்லக் குவிந்து உச்சியில் சிறு வெளிச்சமாக முடியும். ஒரு கூடத்தின் கூரையில் 136 மேக்பை பறவைகளைத் தீட்டியிருக்கிறார்கள். முதலாம் ஜுவாவ் மன்னர் ஒரு தோழிப்பெண்ணை முத்தமிட்டு அரசியிடம் மாட்டிக்கொண்டாராம். அதை வைத்து வம்பு பேசிய அரண்மனைப் பெண்களுக்குப் பதிலடியாக அவர் வரையச் சொன்ன பறவைகள் இவை என்று கதை. அப்புறம் ஆறாம் அஃபோன்சோவின் அறை. அரசராக இருந்தவரைத் தம்பியே அதிகாரத்திலிருந்து இறக்கினார். கடைசி ஆண்டுகளை இங்கே அடைபட்டுக் கழித்து 1683-இல் இறந்தார். அவர் நடந்து நடந்துதான் தரை தேய்ந்தது என்பார்கள். கூட யாராவது இருந்தால் “போகலாமா?” என்று அவசரப்படுத்துவார்கள். தனியாகப் போகிற உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மறுநாள் மொன்செராட். ஆங்கிலேய வணிகர் ஃபிரான்சிஸ் குக் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை, தோட்டத்தோடு. தோட்டப் பாதையில் ஒரு இந்தியக் கல் வளைவு நிற்கிறது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வாங்கிக்கொண்டு போனது. அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். தனியாகப் போகும் பெண்களுக்கு போர்ச்சுகல் பொதுவாக நல்ல இடம். லிஸ்பன் ரயிலிலும் டிராமிலும் பிக்பாக்கெட் உண்டு, கைப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். பொழுது சாய்ந்தபின் காட்டுப் பாதைகள் வேண்டாம். பனி இறங்கினால் வழி தெரியாது. அவசர எண் 112. விடுதி முகவரியை மகளுக்கு அனுப்பிவிட்டால் மருமகனும் நிம்மதியாக இருப்பார்.

சாப்பாட்டில் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கீரை சூப்பாகத் தோன்றும் கால்டோ வெர்டேயில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். “செம் கார்ன, செம் பெய்ஷ்” என்று சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஊரின் கெய்ஜாடாவை விடாதீர்கள், பாலாடைக்கட்டியும் லவங்கப்பட்டையும் சேர்த்த சின்னப் பலகாரம். உட்கார்ந்ததுமே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாமென்றால் எடுத்துப்போகச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பெனா டிக்கெட்டை மட்டும் தேதி முடிவானதுமே எடுத்துவிடுங்கள்.