தோளை மூடச் சொன்னவர்கள்

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை எழுதும் பதில்கள்)

கே: அம்மா, என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். குண்டு எறிதலில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். சென்ற வாரம் அவள் கைப்பேசியில் ஓர் அமெரிக்க வீராங்கனையின் படத்தைப் பார்த்து அதிர்ந்துபோனேன். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. அமாண்டா பிங்சன் என்று பெயர் சொன்னாள். "இவரும் என்னைப் போல எறிகிறவர்தான் அம்மா, உடம்பைப் பாருங்கள்" என்கிறாள். அவள் அப்பா கைப்பேசியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு பெண் இப்படி நிற்பது பெருமையா, அவளைப் பண்டமாக்குவதா? – பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்.

ப: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை தாயாகப் படித்தபோது பீரோவைப் பூட்டியவர் பக்கம்தான் மனம் சாய்ந்தது. இரண்டாம் முறை, ஒரு காலத்தில் வட்டு எறிந்தவளாகப் படித்தேன். அப்போது உங்கள் மகள் சொன்ன "என்னைப் போல" என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கல்லூரியில் நான் ஒரு கிலோ வட்டு எறிந்துகொண்டிருந்தேன். தினமும் எறிந்து எறிந்து என் வலது கை இடது கையைவிடப் பருத்துவிட்டது. எங்கள் ஊர்த் தையல்காரர் ரவிக்கைக்கு இரண்டு கைகளையும் தனித்தனியாக அளப்பார். வலது கைக்கு அரை அங்குலம் கூடுதல். அந்த அரை அங்குலத்தை ஒவ்வொரு முறையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் நோட்டில் எழுதுவார். கடையில் நிற்கும் பெண்கள் திரும்பி என் கையைப் பார்ப்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பெரியம்மா முழங்கை வரை நீண்ட ரவிக்கையை எடுத்துக் கொடுத்தார். முந்தானையை வலது தோளைச் சுற்றி இழுத்துச் செருகினார். "காபித் தட்டை நீட்டும்போது கையை அதிகம் தூக்காதே, புஜம் தெரியும்" என்று காதோடு சொன்னார். பல்கலைக்கழகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிக் கொடுத்த கை அது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை துணி சுற்றியிருந்த அந்த நாளில் என் உடம்பை நினைத்து நான் கூசியதுபோல வேறெந்த நாளிலும் கூசியதில்லை.

பிங்சன் சங்கிலிக் குண்டு எறிபவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார், 2013இல் 75.73 மீட்டர் எறிந்து அமெரிக்க தேசியச் சாதனை படைத்தார். இஎஸ்பிஎன் என்ற அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை, வீரர்களையும் வீராங்கனைகளையும் ஆடையின்றிப் படம்பிடித்து ஆண்டுதோறும் வெளியிட்ட 'பாடி இஷ்யூ' என்ற சிறப்பிதழின் 2015ஆம் ஆண்டு அட்டைகளில் ஒன்றில் அவர் வந்தார். பெருத்த தொடை, அகன்ற முதுகு, இறுகாத வயிறு. விளம்பரங்களில் வரும் பெண்களிடம் இப்படி ஓர் உடம்பை நாம் பார்ப்பதே இல்லை. நான்கு கிலோ இரும்பைச் சுழற்றி வீசுவதற்கு இந்த உடம்புதான் வேண்டும். பதினாறு வயதில் இப்படி ஒரு படத்தை யாராவது என் கையில் கொடுத்திருந்தால், பெரியம்மா செருகிய முந்தானையை நான் எடுத்துவிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் மகள் அந்தப் படத்தில் பார்த்தது துணியில்லாத ஒரு பெண்ணை மட்டும் இல்லை, சகோதரி.

அந்தச் சிறப்பிதழ் 2009இல் தொடங்கி 2019 வரை வந்தது. முதல் ஆண்டு அட்டைகளில் செரீனா வில்லியம்ஸ் இருந்தார். ஏழு வயதில் ஒரு காலை இழந்து, பின்னாளில் செயற்கைக் காலுடன், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஹவாய் அயர்ன்மேன் போட்டியை முடித்த சாரா ரைனர்ட்சனும் இருந்தார். இப்படிப்பட்ட படங்களைக் கடைவீதிக் காலண்டர் படங்களோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் உங்களிடம் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். 1999இல் ஆஸ்திரேலிய மகளிர் கால்பந்து அணியினர், மட்டில்டாஸ் என்று அழைக்கப்படுபவர்கள், ஒரு நிர்வாணக் காலண்டருக்கு நின்றார்கள். அடுத்த ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக். சொந்த நாட்டில் ஒலிம்பிக் ஆடப்போகும் அணியிடம் பணமும் இல்லை, அவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தியும் இல்லை. காலண்டர் பல்லாயிரக்கணக்கில் விற்றது. அதுவரை எட்டிப் பார்க்காத கேமராக்கள் வரிசைகட்டி வந்தன. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பயணப் படிக்கும் காலணிக்கும் வழியில்லாமல் அணியோடு அலைந்தவள் நான். ஆனால், அவர்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பந்தை உதைத்தபோது திரும்பிப் பார்க்காத நாடு, சட்டையைக் கழற்றியபோது திரும்பிப் பார்த்தது. அவமானம் என்றால் அது அந்த நாட்டுக் கால்பந்து நிர்வாகத்துக்குத்தான்.

அதனால் இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் நான் முதலில் துணியைத் தேடுவதில்லை. இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நாளை அவள் ஆட்டம் நின்றிருக்குமா என்று யோசிக்கிறேன். அடுத்து, அந்த உடம்பு படத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கிறேன். வீராங்கனையின் கையில் பந்தையும் மட்டையையும் வெறும் அலங்காரமாகக் கொடுத்து, வாயைச் சற்றே திறந்து படுக்க வைத்திருந்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பெண் மேல் இல்லை, படம் எடுத்தவர் மேல்.

இன்னொரு படத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை அலி ரெய்ஸ்மன், தங்கள் அணி மருத்துவராக இருந்த லாரி நாசர் தனக்குச் செய்த பாலியல் கொடுமையை 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் நாசரின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வழக்கில் அப்படி வந்து சாட்சி சொன்னவர்கள் நூற்றைம்பதுக்கும் மேல். அடுத்த மாதம் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட் பத்திரிகையின் நீச்சலுடைச் சிறப்பிதழில் ரெய்ஸ்மன் ஆடையின்றி நின்றார். மரியாதை பெறுவதற்குப் பெண் அடக்கமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை என்ற பொருளில் ஒரு வாசகம் அவர் உடம்பிலேயே எழுதப்பட்டிருந்தது. நீச்சலுடைச் சிறப்பிதழ் என்றால் பல ஆண்டுகளாக எனக்கு ஆகாது, இப்போதும் ஆகாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த அன்று நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மருத்துவம் என்ற பெயரில் ஒருவன் அனுமதியின்றித் தொட்ட உடம்பு. அதை யார், எப்படிப் பார்க்கலாம் என்று இம்முறை அவரே முடிவு செய்திருந்தார்.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவளோடு உட்கார்ந்து அந்தப் படத்தை ஒரு முறை சேர்ந்து பாருங்கள். அப்படியே இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவளுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. பயிற்சியாளரோ, நண்பனோ, 'ஸ்பான்சர்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவரோ, யாராக இருந்தாலும் அவளிடம் இப்படி ஒரு படம் கேட்டால் அது போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். பிங்சன் நின்றது வளர்ந்த பெண்ணாக, தன் பெயரில், தன் சம்மதத்தில். இந்த வேறுபாடு உங்கள் மகளுக்கு நன்றாகவே புரியும்.

கே: அந்த இதழில் ஆண்களும்தானே நிர்வாணமாக நிற்கிறார்கள்? பெண்கள் நின்றால் மட்டும் ஏன் இத்தனை விவாதம்? – ஒரு வாசகர், விருதுநகர்.

ப: நிற்கிறார்கள். 2014இல் பிரின்ஸ் ஃபீல்டர் என்ற பருமனான பேஸ்பால் வீரர் நின்றார். அதற்கு முந்தைய ஆண்டு, 2013இல், தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர் கேரி பிளேயர் தமது 77ஆம் வயதில் நின்றார். இந்த வயதிலும் இப்படி ஓர் உடம்பா என்று பாராட்டினார்கள். அதே 2013 இதழில் போலந்து டென்னிஸ் வீராங்கனை அக்னியெஷ்கா ராத்வான்ஸ்காவும் இருந்தார். அதற்கு முன்பு போலந்தின் கத்தோலிக்க இளைஞர் அமைப்பு ஒன்றின் பிரச்சாரத்தில் அவர் முகமாக இருந்தவர். படம் வந்ததும் அந்த அமைப்பு அவரை விலக்கிவிட்டது. கட்டுக்கோப்பான உடலுக்கு மதிப்புத் தேடவே நின்றதாக அவர் விளக்க வேண்டியிருந்தது. பிளேயரிடம் அப்படி ஒரு விளக்கம் கேட்கப்படவில்லை. உங்கள் கேள்விக்கு இந்த இரண்டு பேர் கதையே பதில்.

கே: இப்படிப் படங்கள் வந்தால் மகளிர் விளையாட்டுக்குக் கூட்டம் கூடும் என்கிறார்களே, உண்மையா? – கல்லூரி மாணவி, திருச்சி.

ப: நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி ஜோ கேன் இதைத் தேடிப் பார்த்தவர். வீராங்கனைகளின் பலவகைப் படங்களை ஆண்களிடமும் பெண்களிடமும் காட்டிக் கேட்டார். கவர்ச்சிப் படங்களை விரும்பிப் பார்த்த ஆண்கள்கூட அதனால் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும் ஆவல் கொள்ளவில்லை. மகளிர் விளையாட்டை உண்மையாக விரும்புகிற பெண்களுக்கு அந்தப் படங்கள் எரிச்சல் ஊட்டின. மைதானத்துக்குப் போகலாம் என்ற எண்ணத்தை ஏற்படுத்தியவை ஆட்டத்தின் நடுவே எடுத்த படங்களே.

மட்டில்டாஸ் கதையின் பிற்பகுதியும் இதைத்தான் காட்டுகிறது. காலண்டர் விற்றது, சம்பளம் உயரவில்லை. 2015இல் அந்த அணி சம்பளத் தகராறில் அமெரிக்கப் பயணத்தையே புறக்கணித்தது. 2019இல்தான் ஆண்கள் அணிக்கு இணையான வருவாய்ப் பங்குக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. 2023 உலகக் கோப்பை அரையிறுதியில் அவர்கள் இங்கிலாந்தோடு ஆடியபோது சிட்னி மைதானத்தில் 75,784 பேர் இருந்தார்கள். 3–1 என்று தோற்றார்கள். சாம் கெர் தொலைவிலிருந்து அடித்த அந்த ஒரு கோலை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணவில்லை.

கே: எங்கள் பள்ளியில் ஓட்டப் பயிற்சிக்கு வரும் பெண்கள் அரைக்கால் சட்டை போடக் கூசுகிறார்கள். 'கூச்சம் போனால்தான் சாதிக்க முடியும்' என்று நான் கட்டாயப்படுத்துகிறேன். சரிதானே? – உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்.

ப: சரியில்லை, ஐயா. கழற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் எனக்கு ஒன்றுதான். 2021 ஜூலையில் நார்வே மகளிர் கடற்கரை ஹேண்ட்பால் அணி, ஐரோப்பியப் போட்டியில் விதியிலிருந்த பிகினிக்குப் பதிலாகக் குட்டைக் கால்சட்டை அணிந்து ஆடியது. 1,500 யூரோ அபராதம் போட்டார்கள். உடையின் பக்கவாட்டு அகலம் பத்து சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று அந்த விளையாட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஊர் உலகமெல்லாம் கேள்வி கேட்ட பிறகு அதே ஆண்டு விதியை மாற்றினார்கள். 2011இல் உலக பேட்மின்டன் கூட்டமைப்பும் வீராங்கனைகள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று விதி கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது.

தடகளத்தில் அப்படி ஒரு நீள அளவே கிடையாது. உடை சுத்தமாக, ஆட்சேபத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ உடம்போடு ஒட்டிய கால்சட்டை அணிந்து தாராளமாக ஓடலாம். தொளதொள என்று காற்றில் அடிக்காமல் இருந்தால் போதும். மூன்று விதமாகத் தைத்துக் கொண்டுவந்து காட்டுங்கள். எது வேண்டும் என்று அந்தப் பெண்களிடமே கேளுங்கள். அளவெடுக்க ஒரு பெண் தையல்காரரை வரச் சொல்லுங்கள். அளவுகளை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.