மொரோஹாஷியின் அகராதி

கேள்வி: சீன எழுத்துகளுக்கான மிகப் பெரிய அகராதி ஒன்றைத் தொகுத்தவர் ஜப்பானியர் என்கிறார்களே, அவர் யார்? சீனர்கள் செய்யாத வேலையை அவர் ஏன் செய்தார்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவர் பெயர் மொரோஹாஷி தெட்சுஜி. நீகாத்தா மாநிலத்தில் 1883இல் பிறந்து, 99 வயது வரை வாழ்ந்தவர். சீனர்கள் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. காங்ஷி பேரரசர் காலத்து அகராதியிலேயே 47,000 எழுத்துகளுக்கு மேல் உண்டு. ஆயினும் அது தனியெழுத்துகளுக்கே பொருள் சொன்னது; கூட்டுச்சொற்களைத் திரட்டிய வேறொரு பெருந்தொகுப்போ மேற்கோள்களைக் காட்டியதே தவிரப் பொருள் கூறவில்லை. சீனாவில் தங்கிப் பயின்றபோது சொற்பொருள் தேடுவதிலேயே தம் நேரம் கரைவதைக் கண்ட மொரோஹாஷி, இரண்டையும் ஒருங்கே தரும் நூல் வேண்டும் என்று எண்ணினார்.

தாய்ஷூகான் பதிப்பகத்தின் சுசுகி இப்பே அகராதி கேட்டு வந்தபோது, வேலை இவ்வளவு வளரும் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. முதல் தொகுதி 1943இல் வெளிவந்தது. 1945 பிப்ரவரியில் டோக்கியோ மீது விழுந்த குண்டுகளில், எஞ்சிய தொகுதிகளுக்காகக் கோத்து வைத்திருந்த ஈய அச்செழுத்துகள் முழுவதும் அழிந்தன. வெவ்வேறு இடங்களில் பத்திரப்படுத்தியிருந்த மெய்ப்புப் படிகள் மட்டுமே தப்பின. மறு ஆண்டில் மொரோஹாஷியின் வலக்கண் பார்வை போயிற்று. இடக்கண்ணும் மங்கலாகவே இருந்தது.

இந்தக் கதையில் நான் மொரோஹாஷிக்கு இணையாக மதிப்பது பதிப்பாளரைத்தான். அவர் தம் மகன்களைப் படிப்பிலிருந்து விலக்கி இந்தப் பணியில் இறக்கினார். அத்தனை எழுத்துகளையும் மீண்டும் ஈயத்தில் வார்ப்பது இயலாத காரியம் என்பதால், ஈய எழுத்துக்குப் பதிலாக ஒளிப்படம் மூலம் எழுத்துகளைப் பதிக்கும் ஒளியச்சுக் கோப்பு முறையின் முன்னோடியான இஷீ மொகிச்சியை நாடினார். அவர் ஏறக்குறைய 50,000 எழுத்துகளின் வடிவங்களைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிக் கொடுத்தார். 1955இல் மீண்டும் முதல் தொகுதியிலிருந்து தொடங்கிய வெளியீடு, சொல்லடைவுத் தொகுதியோடு சேர்த்து 13 தொகுதிகளாக 1960இல் நிறைவுற்றது. அதில் விளக்கப்பட்ட கூட்டுச்சொற்கள் 5,00,000க்கும் மேல்.

கேள்வி: இன்று அதை யாராவது புரட்டுகிறார்களா?
– அதே வாசகர்

பதில்: புரட்டுகிறார்கள். மொரோஹாஷி ஒவ்வோர் எழுத்துக்கும் வரிசை எண் கொடுத்திருந்தார். அரிய எழுத்தொன்றை அறிஞர்கள் அந்த எண்ணாலேயே சுட்டும் வழக்கம் உண்டு; யூனிகோடின் சீன எழுத்துத் தரவுத்தளத்திலும் அந்த எண்ணுக்கென்று ஒரு புலம் இருக்கிறது.