மாத முடிவில் மிஞ்சும் குளிசைகள்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன. மாதாமாதம் கிளினிக்கில் மருந்து எடுத்தாலும், மாதம் முடியும்போது உறைகளில் குளிசை மிஞ்சிக் கிடக்கிறது. கேட்டால் “எனக்கு இப்ப ஒண்டும் செய்யல்ல” என்கிறார். வெள்ளிக்கிழமை விரதமும் பிடிப்பார். என்ன செய்யலாம்?
— ஒரு மகள், களுவாஞ்சிகுடி

பதில்: மிஞ்சியதை முதலில் எண்ணுங்கள். சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் குளிசை நாளுக்கு 2 என்றால் 30 நாளுக்கு 60. அதில் 20 மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு குடிக்கப்படவில்லை. இதைச் சொல்லாமல் கிளினிக்குக்குப் போவதுதான் ஆபத்து. சீனி கூடியிருப்பதைப் பார்க்கும் வைத்தியர், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டக்கூடும். பிறகு நீங்கள் கவனமாக எல்லாவற்றையும் கொடுக்கும்போது சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். உறைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏசுவார்களோ என்று அம்மா பயப்படத் தேவையில்லை.

பிரஷர் கூடினாலும் பெரும்பாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது. இப்போது அளவு சரியாக இருந்தால் அது குளிசையின் வேலை. நிறுத்தினால் திரும்ப ஏறும்.

வயிற்றைப் பிரட்டுகிறதா என்றும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். மெட்போமினைப் பலர் சொல்லாமல் விடுவது அதனால்தான். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே கொடுங்கள். அப்படியும் வயிற்றோட்டம் போனால், மெதுவாகக் கரையும் வகை தரலாமா என வைத்தியரிடம் கேளுங்கள். அந்த வகையை அரைத்தோ மென்றோ குடிக்கக்கூடாது.

விரதத்தில் கவனிக்க வேண்டியது, சீனிக்குக் கொடுக்கும் இன்னொரு குளிசையான கிளிக்லசைட். அதைக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழம்பும். உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள், தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விரத நாளில் எந்தக் குளிசையை எப்போது குடிப்பது என்பதை அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் குடிக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாகக் கொடுக்கவே வேண்டாம்.

மாதத்துக்கு மாதம் குளிசையின் நிறம் மாறுவது வழமை. நிறத்தை நம்பாமல் உறையிலுள்ள பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். வாசிக்க அம்மாவுக்குக் கஷ்டமென்றால் காலை உறையில் சூரியனும் இரவு உறையில் பிறையும் கீறிவிடுங்கள்.