டப்பாவின் அடியில்தான் இருக்கிறது விஷயம்

கேள்வி: 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமான மாடல் செய்கிறேன். இதுதான் முதல் மாடல். காற்றால் பெயிண்ட் தூவும் ஏர்பிரஷ் கிடையாது, பிரஷ்தான். எனாமல் (எண்ணெய் வகை) பெயிண்டில் ஹம்ப்ரால், ரெவெல், டமியா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: பிரஷ்ஷால் பூசுவதென்றால் ஹம்ப்ராலோ ரெவெலோ வாங்குங்கள். இரண்டும் 14 மில்லி தகர டப்பா. ஒன்று வட்டம், மற்றது சதுரம். இரண்டில் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கிட்டில் வரும் குறிப்புத்தாள் எந்த பிராண்டின் எண்களைச் சொல்கிறதோ அதையே வாங்கிவிடலாம். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் கிட் என்றால் ஹம்ப்ரால் எண்கள் இருக்கும். ஆனால் ஒரு பிராண்டின் எண்ணை வைத்து இன்னொன்றை வாங்கிவிடாதீர்கள். ஹம்ப்ராலில் 30 கரும்பச்சை. ரெவெலில் 30 பளபளக்கும் ஆரஞ்சு. ஸ்பிட்ஃபயர் பாவம்!

பிராண்டைவிட முக்கியம், கலக்குவது. நான் முதலில் செய்தது ஒரு டாங்கி. மேட் பச்சை, அதாவது பளபளக்காத பச்சை வாங்கி, டப்பாவை நாலு குலுக்கு குலுக்கிவிட்டுப் பூசினேன். காய்ந்த பிறகு பார்த்தால், பாலிஷ் போட்ட ஷூ மாதிரி மின்னுகிறது. ஒரு வாரம் பெயிண்டைத் திட்டினேன். அப்புறம் ஐஸ்கிரீம் குச்சியை விட்டு டப்பாவின் அடியைச் சுரண்டினால், களிமண் மாதிரி கெட்டியாக வந்தது. பளபளப்பைக் குறைக்கும் பொடி மொத்தமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது! நான் பூசியது மேலே மிதந்த எண்ணெய்ப் பகுதியை. குச்சியில் கட்டி ஒட்டாமல் வரும்வரை கலக்குங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் சரி.

அடுத்தது பொறுமை. எனாமலில் கரைப்பான் ஆவியாவது முதல் கட்டம்தான். அதன்பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். விரலில் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டாவது கோட் அடித்தால், கீழ்ப்பூச்சு இளகிச் சுருங்கிவிடும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் நேரமிருக்கிறது. நான் குறைந்தது ஒரு நாள் விடுவேன். மெல்லிய கோட் இரண்டு போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கேள்வி: டமியா எனாமல் பாட்டில்கள் நாலைந்து ஏற்கெனவே வாங்கிவிட்டேன். வீண்தானா?

பதில்: ஐயோ, இல்லை. அந்த 10 மில்லி கண்ணாடிப் பாட்டில்தான் என் மேசையில் அதிகம் திறக்கப்படுவது. பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளங்களில்) கறுப்பு ஓடவிட அதைப்போல் வேறில்லை. கறுப்பை தின்னரில் (பெயிண்டை இளக்கும் திரவத்தில்) நன்றாக நீர்க்க வைத்து, நுனி பிரஷ்ஷால் பள்ளத்தில் ஒரு சொட்டு தொட்டால் போதும், கோடு தானே ஓடிப் போகும். வழிந்ததைத் தின்னர் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம். ஆனால் அடியில் இருப்பது அக்ரிலிக்காக, அதாவது தண்ணீரில் கலக்கும் வகைப் பெயிண்டாக இருக்க வேண்டும். எனாமல் மேல் இதைச் செய்தால் அடிப்பூச்சும் பஞ்சோடு வந்துவிடும். பூசாத வெறும் பிளாஸ்டிக்கில் தின்னரைத் தேங்கவும் விடாதீர்கள். இறுக்கமாகப் பொருத்திய இடங்களில் விரிசல் விடும்.

தின்னர் வாங்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படியுங்கள். டமியாவில் எக்ஸ்-20 எனாமலுக்கு, எக்ஸ்-20ஏ அக்ரிலிக்குக்கு. அந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமல் மாற்றி ஊற்றி, பெயிண்டைத் தயிர் மாதிரி திரித்தவன் நான்.

கேள்வி: பாதி டப்பா மீதியிருக்கும்போதே மூடி ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறதே?

பதில்: மூடுவதற்கு முன் விளிம்பைத் துணியால் துடையுங்கள். பிரஷ்ஷை விளிம்பில் வழிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். நான் இன்னும் விடவில்லை; அதனால் பக்கத்திலேயே ஒரு ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறேன்.