சிங்கமீனும் கிளாத்தியும் ஒரே தொட்டியில்: யாருக்கு யார் ஆபத்து?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். ஹோலில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் கடற்கரையிலிருந்துதான் எடுக்கிறோம். உள்ளங்கை அளவில் ஒரு லயன் பிஷ்ஷும், இரண்டு அங்குலத்தில் ஒரு ஒரேஞ்ச் லைன் ட்ரிக்கரும் இருக்கின்றன. போன கிழமையிலிருந்து லயனின் செட்டை ஓரம் கிழிந்து கிழிந்து வருகிறது. அதற்கு விஷம் இருப்பதால் எதுவும் அதைத் தொடாது என்றுதான் கடையில் சொன்னார்கள். இப்போது ஒரு ஈலும் ஒரு ஸ்டோன் பிஷ்ஷும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். முள் குத்தினால் என்ன செய்வது அண்ணா?

பதில்: முதலில் ட்ரிக்கரை, அதாவது அந்தக் கிளாத்தியை, வெளியே எடுங்கள். இன்றைக்கே முடியாவிட்டால், நிறையத் துளை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைத் தொட்டிக்குக் குறுக்கே வைத்து இரண்டையும் பிரித்துவிடுங்கள். துளையில்லாத கண்ணாடித் தகடு வேண்டாம், ஒரு பக்கத்துத் தண்ணீர் ஓட்டமில்லாமல் கெட்டுவிடும். இதைச் செய்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. சிங்கமீனுக்கு விஷ முட்கள் உண்டு. முதுகில் 13, வயிற்றுச் செட்டைகளில் பக்கத்துக்கு ஒன்றாக 2, வால்பக்கம் அடியில் 3, ஆக 18. ஆனால் பார்ப்பவர்களை மயக்குகிற அந்தப் பெரிய விசிறி இருக்கிறதே, பக்கவாட்டில் விரிகிற நெஞ்சுச் செட்டை, அதில் விஷம் கிடையாது. ட்ரிக்கர் கடிப்பது அதைத்தான். முதுகு முள்ளின் பக்கமே போகாமல், பின்னால் வந்து விசிறியின் ஓரத்தில் ஒரு கடி, அப்புறம் விலகல். பத்து நிமிடம் கழித்து இன்னொரு கடி. சிங்கமீனின் விஷம் முழுக்கத் தற்காப்புக்கு. ஒரேயடியாக விழுங்க வருகிற பெரிய வாய்க்கு எதிராக அது வேலை செய்யும். கொறித்துக் கொறித்துத் தின்கிறவனிடம் அது எடுபடாது. இந்தத் தொட்டியில் பாவப்பட்டது சிங்கமீன்தான்.

கடிதானா, செட்டை அழுகலா என்று கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிடுங்கள். கடி என்றால் ஓரம் பிறை வடிவில் வெட்டுப்பட்டிருக்கும், வெட்டின் விளிம்பு துப்புரவாக இருக்கும். அழுகல் என்றால் விளிம்பில் வெண்மை படரும், அடியில் சிவப்பு தெரியும், நாளுக்கு நாள் உள்ளே ஏறும். கடி மட்டும்தான் என்றால் மருந்து ஒன்றும் போடாதீர்கள். ட்ரிக்கர் போய், தண்ணீர் சுத்தமாக இருந்தால், செட்டையைத் தாங்குகிற கதிர்களின் அடிப்பகுதி சேதமாகாதவரை செட்டை தானாக வளர்ந்துவிடும். இன்னொன்று, சில நாள் சிங்கமீன் சாப்பிடாமல் கொட்டாவி விட்டபடி இருக்கும், பிறகு உடம்பிலிருந்து மெல்லிய சவ்வுபோல் ஒன்று உரிந்து வரும். அது வருத்தம் அல்ல. இந்தக் குடும்பத்து மீன்கள் மேல்தோல் உரிப்பது வழக்கம். இதைப் பார்த்துப் பயந்து மருந்து ஊற்றித்தான் பலர் மீனைக் கொல்கிறார்கள்.

ஒரேஞ்ச் லைன் ட்ரிக்கர் கிளாத்தி இனம். நம்முடைய கடலிலேயே பாறைப் பக்கங்களில் திரிகிறது. இரண்டு அங்குலத்தில் பொம்மைபோல் இருக்கும். வளர்ந்தால் 30 சென்ரிமீற்றர் வரும். கடைகளில் கிடைக்கும் ட்ரிக்கர்களில் இதைவிட முரடனை நான் பார்த்ததில்லை. ஹீற்றரின் வயரைக் கடிக்கும், கல்லை வாயால் தூக்கிப் போடும், வளர வளரத் தொட்டி முழுவதும் தனக்கே என்று நினைக்கும். அதை வைக்க ஆசையென்றால் அதற்கென்று தனித் தொட்டி வைப்பதுதான் வழி. ட்ரிக்கரும் சிங்கமீனும் சேர்ந்து இருந்தே ஆக வேண்டும் என்றால் நைஜர் ட்ரிக்கரை யோசிக்கலாம். அது கடலில் கூட்டமாக நின்று நீரோட்டத்தில் வரும் மிதவை உயிரிகளைத் தின்கிற மீன், சுபாவம் சாந்தம். ஆனால் அதற்கும் 700 லீற்றராவது வேண்டும். உங்களுடையது கணக்குப்படி 255 லீற்றர். கல்லும் மணலும் போக 220 தேறினால் பெரிய காரியம். ஆகவே அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை யாரும் கவனிப்பதில்லை. ட்ரிக்கர் ஒரு நொடியில் பாய்ந்து தின்னும். சிங்கமீன் விசிறியை விரித்து, இரையை மெல்ல ஒரு மூலைக்கு ஒதுக்கி, நின்று நிதானித்து வாயைத் திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் ஒன்று கொழுக்கும், மற்றது மெலியும்.

ஸ்டோன் பிஷ் விஷயத்தில் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டுமல்ல, எந்த வீட்டு ஹோலிலும் வேண்டாம். சிங்கமீன் தன் விஷத்தைக் கண்ணில் படும்படி காட்டிக்கொண்டு திரிகிறது. ஸ்டோன் பிஷ் கல்லோடு கல்லாகக் கிடக்கும், முதுகில் பாசி பிடித்திருக்கும், நாள் முழுவதும் அசையாது. தொட்டியைக் கழுவுகிறவர் கல்லை நகர்த்தப் போய் அதன் மேல் கையை வைத்துவிடுவார். மீன்களின் விஷத்தில் அதுதான் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. அதற்கான முறிமருந்து அவுஸ்திரேலியாவில் தயாராகிறது. கொழும்பில் அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கும் என்று நம்பி மீன் வாங்க முடியாது. போதாக்குறைக்கு, வாய்க்குள் போகிற எந்த மீனையும் அது விழுங்கிவிடும்.

இனி முள் குத்தினால் என்ன செய்வது. இதை அச்செடுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள் என்றே சொல்வேன்.

குத்திய உடனே வலி வரும், ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறும். காயத்தைக் கழுவி, முள் துண்டு வெளியே தெரிந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு, கையைச் சுடுதண்ணீரில் அமிழ்த்துங்கள். இந்த விஷம் புரதம், சூடு அதைக் குலைக்கும். சூடு 40 முதல் 45 பாகை செல்சியஸ், அதற்கு மேல் போகக்கூடாது. 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருக்க வேண்டும், ஆறினால் சூடு சேர்க்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால்தான் பார்க்க வேண்டும், பிள்ளைக்கு என்றால் பெரியவர் தன் கையால் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கிற கைக்குக் கொதிநீரும் இதமாகத் தெரியும், பிறகு தோல் வெந்து போயிருக்கும். கேத்தலில் கொதித்ததை நேராக ஊற்றி விஷத்தைவிடப் பெரிய காயத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஐஸ் வைப்பது, வெட்டுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்.

சுடுதண்ணீரில் வலி தணிந்தாலும் வைத்தியரிடம் போங்கள். உள்ளே முள் முறிந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏற்பு ஊசி தேவைப்படலாம், பிறகு கிருமி தொற்றலாம். மூச்சு இழுக்கிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சு வலிக்கிறது, முகம் வீங்குகிறது என்றால் சுடுதண்ணீருக்காகக் காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

குத்து வாங்குவது பெரும்பாலும் மீன் துரத்தி வந்து அல்ல. கண்ணாடி துடைக்கும்போது, கல்லை அடுக்கும்போது, மீனை மாற்றும்போதுதான். சிங்கமீன் கையைக் கண்டு ஓடாது, சாப்பாடு வருகிறது என்று கிட்ட வரும். ஆகவே கை வைப்பதற்கு முன்னால் அது எங்கே என்று தேடிப் பாருங்கள். கல்லின் அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும், சட்டென்று கண்ணில் படாது. வலையால் பிடிக்கவே வேண்டாம், முள் வலையில் சிக்கி, எடுக்கப் போகிற விரலில் ஏறும். அகன்ற பிளாஸ்டிக் ஜாடியைத் தண்ணீருக்குள் சாய்த்து, மீனை ஒரு குச்சியால் மெல்ல உள்ளே ஒதுக்குங்கள். பொலித்தீன் பையில் கொண்டுபோவதாக இருந்தால் இரண்டு மூன்று பையாகப் போடுங்கள், ஒற்றைப் பையை முள் துளைத்துவிடும். செத்த மீனும் குத்தும், குப்பைத் தொட்டிக்குள் அப்படியே போட்டுவிடாதீர்கள். தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் சாவியை வையுங்கள்.

ஈல் கேட்டிருக்கிறீர்கள். கடையில் ஈல் என்று விற்கிற அஞ்சாளையில் ஒன்று சரிவரும்: ஸ்னோஃப்ளேக். அதன் பல் மொட்டையானது, நண்டும் இறாலும் உடைத்துத் தின்கிற பல். மீன் தின்கிற, ஊசிப்பல் உள்ள அஞ்சாளைகளைக் கடைக்காரர் எவ்வளவு அழகாக விவரித்தாலும் வாங்காதீர்கள். ஸ்னோஃப்ளேக்குக்கும் கண் மங்கல், மூக்கால்தான் உலகம் தெரியும். தண்ணீரில் இறால் வாடை வந்துவிட்டால் முன்னால் அசைவதைக் கடிக்கும், அது உங்கள் விரலாகவும் இருக்கலாம். நீண்ட இடுக்கியால், சிங்கமீன் நிற்கிற மூலைக்கு மறு மூலையில் ஈலுக்குக் கொடுங்கள். பம்பின் குழாய் போகிற ஓட்டை, வயர் போகிற இடைவெளி எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். விடிந்து பார்த்தால் தரையில் காய்ந்து கிடக்கிற மீன்களில் முதலிடம் அஞ்சாளைக்குத்தான். அதற்குச் செதில் கிடையாது, ஆகவே வெள்ளைப்புள்ளி நோய்க்கு என்று செப்பு கலந்த மருந்தை அது இருக்கும் தொட்டியில் ஊற்றக்கூடாது.

இப்போது உங்கள் லயனைப் பற்றி ஒரு கசப்பான விஷயம். சிங்கமீன் என்று கடையில் ஒரே பெயரில் விற்கிற இரண்டு பெரிய வகைகளும் 35 சென்ரிமீற்றருக்கு வளரும். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அது திரும்பவே சிரமப்படும். ஒன்றில் பெரிய தொட்டிக்கு ஆயத்தமாகுங்கள், இல்லையென்றால் கடையில் கொடுத்துவிட்டுக் குட்டை வகை ஒன்றை எடுங்கள். ஃபஸி ட்வார்ஃப் என்று கேட்டால் தருவார்கள், 17 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். அந்தக் குட்டை லயன், ஒரு ஸ்னோஃப்ளேக், இவற்றோடு உங்கள் தொட்டி நிறைந்துவிட்டது. பெரிய தொட்டி வாங்கினால் ஃபொக்ஸ்பேஸ் ஒன்றைச் சேர்க்கலாம். அது ஒரா இனம். ஒராவின் முள் பட்டால் என்ன ஆகும் என்று எந்த மீனவரையும் கேளுங்கள், சொல்வார். அதற்கும் விஷ முள் இருக்கிறது, பாசி தின்கிறது, சிங்கமீனைத் தொந்தரவு செய்யாது. ஆனால் எதைச் சேர்த்தாலும் ஒரு விதி: சிங்கமீனின் வாயை விரித்துப் பார்த்தால் எவ்வளவு இருக்கும் என்று மனதில் அளந்துகொள்ளுங்கள், அதைவிடப் பெரிதாக இருக்கிற மீனை மட்டும் விடுங்கள். டாம்செல், க்ளவுன், சுத்தம் செய்கிற இறால் எல்லாம் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு.

சாப்பாட்டில் கோல்ட் பிஷ், கப்பி கொடுத்துப் பழக்கியிருப்பார்கள், நிறுத்துங்கள். நன்னீர் மீன்களின் கொழுப்பு கடல்மீனின் ஈரலைக் கெடுக்கும். கோல்ட் பிஷ்ஷில் விற்றமின் பி1-ஐ அழிக்கிற ஒரு நொதியும் இருக்கிறது. நெத்தலி, சாளை வகைகள் பலவற்றிலும் அது உண்டு, ஆகவே அவற்றையே தினமும் போடாதீர்கள். உறையவைத்த இறால், கணவாய், வெள்ளைச் சதை மீன் துண்டு ஆகியவற்றை மாறி மாறி இடுக்கியில் பிடித்து, உயிருள்ளதுபோல் ஆட்டிக் காட்டுங்கள். சில நாள் முகத்தைத் திருப்பும், பிறகு பிடிக்கும். வளர்ந்த மீனுக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போதும்.

கடல் தண்ணீரைப் பற்றி. வெள்ளவத்தைக் கரையில் எடுக்காதீர்கள். வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் விழுவது அங்கேதான். நகரத்துக் கழிவுநீரைக் கடலுக்குள் விடுகிற குழாய்களில் ஒன்றும் வெள்ளவத்தையிலிருந்துதான் போகிறது. மழைக்காலத்தில் உப்பும் சட்டென்று இறங்கும். தாங்குமானால் உப்புத்தூள் வாங்கிக் கலக்குங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அதை நீக்கியே கலக்க வேண்டும். உப்படர்த்தி 1.023க்கும் 1.025க்கும் இடையில் நின்றால் போதும். சிங்கமீனும் ஈலும் நிறையக் கழிக்கிற மீன்கள், ஸ்கிம்மர், அதாவது கழிவை நுரையாக்கி வெளியே எடுக்கிற கருவி, இல்லாமல் இதை நடத்த முடியாது. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்க வேண்டும், இது பேரம் பேசுகிற விஷயம் இல்லை. அழகுக்கு என்று கடலிலிருந்து உயிருள்ள பவளக் கல் பெயர்த்துவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

கறன்ட் போனால் இந்தச் சூட்டில் தண்ணீரில் ஒட்சிசன் விரைவாகக் குறையும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது நினைவிருக்கும். பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள், பெரிய செலவில்லை.

ட்ரிக்கரைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், வீட்டுக்கு எதிரில்தானே கடல் என்று கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். நம் கடலின் மீனாக இருந்தாலும், தொட்டியில் தொற்றிய நோயோடு போகும். லயனை விடுவது அதைவிட மோசம். அத்திலாந்திக்கில் சிங்கமீன் இயல்பாக இருந்ததில்லை. 1985இல் புளோரிடாக் கரையில் முதல் தடவை கண்டார்கள், வீட்டுத் தொட்டிகளிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. இன்று கரீபியன் முழுவதும் அதுதான். வேறு ஒரு கடையைக் கேளுங்கள், தனித் தொட்டி வைத்திருக்கிற ஒருவருக்குச் சும்மா கொடுங்கள். அதுவரை அந்த அக்ரிலிக் தகடு நடுவில் இருக்கட்டும், ஆனால் தகட்டின் மேல் விளிம்பு மூடியைத் தொடுகிறதா என்று பாருங்கள், ட்ரிக்கர் தாவும்.